பருவம் தெரியாத பனைத் திருவிழா

தை மாதத்தின் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. மைதான வாசலில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பனைமரம் நின்றது. ஃபைபரில் செய்தது. தண்டுக்குக் கறுப்புப் பெயின்ட், ஓலைக்குப் பச்சைப் பெயின்ட். அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்ள நீளமான வரிசை. என் ஒன்பது வயது மகள் ஓடிப்போய்த் தண்டைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து என் அம்மாவிடம் கேட்டாள்: "பனைய கட்டிப்புடிச்சா நெஞ்செல்லாம் சிராய்க்கும்னு சொன்னீங்களே ஆச்சி, இது வழுவழுன்னு இருக்கு?"

அம்மா பதில் சொல்லவில்லை. அண்ணாந்து ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அம்மாவுக்கு 72 வயது. தேரிக்காட்டுப் பனங்கூட்டத்துக்கு நடுவே விடிலியில் உட்கார்ந்து, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பதனீர் காய்ச்சியவள். விடிலி என்பது பனையோலையால் வேய்ந்த சின்னக் குடிசை. பருவம் தொடங்கினால் குடும்பம் மொத்தமும் அங்கேதான். அப்பா விடியும் முன்னே பனை ஏறப் போய்விடுவார். அவர் இறக்கித் தரும் பதனீரை அம்மா அடுப்பில் ஏற்றுவாள். வெயில் உச்சிக்கு வரும்போது விடிலிக்குள் தீயும் புகையுமாக இருக்கும். அவள் கையில் இன்றைக்கும் பாகு தெறித்த தழும்புகள் உண்டு.

பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் "விவசாயம்" என்றுதான் சொல்வேன். பனையேறி என்று சொல்ல வாய் வராது. அந்தச் சொல்லுக்கு ஊரில் என்ன மரியாதை என்று ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது. அப்பா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அந்தப் பொய்யை அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டதில்லை.

ஆகவே, "பனைத் திருவிழா, இரண்டு நாள், அனைவரும் வருக" என்ற சுவரொட்டியைப் பார்த்ததும் அங்கேயே நின்று அம்மாவுக்குப் போன் செய்தேன். "பனைக்கா? பனைக்கு எதுக்குட்டி திருவிழா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நான் போய்ச் சேரும்போது பொங்கலுக்கு எடுத்த புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு திண்ணையில் தயாராக இருந்தாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பக்கத்து சீட்டுக்காரரிடம், "பனைக்குத் திருவிழா எடுக்காங்களாம், அதுக்குத்தான் போறோம்" என்று அவளாகவே சொன்னாள். அவள் குரலில் அப்படி ஒரு பெருமையை நான் அதிகம் கேட்டதில்லை.

தை மாதத்துப் பதனீர்

உள்ளே 64 கடைகள். நடந்துகொண்டே எண்ணினேன். பனையோடு ஏதாவது சம்பந்தம் இருந்தவை 11. மற்றதெல்லாம் எந்தப் பொருட்காட்சியிலும் இருப்பவை: டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி, செல்போன் கவர், சோபா செட், வீட்டுமனை, மூட்டுவலித் தைலம். நடுநாயகமான இடத்தில், பெரிய பந்தலின் கீழ், பதனீர்க் கடை. "இயற்கையின் அமுதம்" என்று பேனர்.

பதனீர் கிடைக்கும் காலம் எது என்று தெற்கு மாவட்டங்களில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தை, மாசியில் பனையைக் கழித்துச் சுத்தம் செய்வார்கள். பாளை வெளியே வந்ததும் கடிப்பு என்னும் மர இடுக்கியால் நாள்கணக்கில் இடுக்கி இடுக்கிப் பதப்படுத்துவார்கள். பிறகு காலையும் மாலையும் ஏறி, பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, அடியில் கலயத்தைக் கட்டிவிட்டு வர வேண்டும். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனிதான் நல்ல சுரப்பு. ஆடியில் வற்றத் தொடங்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுவது, சொட்டுகிற சாறு புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க. சுண்ணாம்பு குறைந்தால் புளிக்கும், கூடினால் நாக்கில் காரும். அளவு பனையேறியின் விரலில் இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு பந்தல் நிறையப் பதனீர் வேண்டுமானால் அது மரத்திலிருந்து வர வழியில்லை.

மூன்று டம்ளர் வாங்கினேன். பிளாஸ்டிக் டம்ளர். அம்மா ஒரு வாய் குடித்தாள். அடுத்த வாய் குடிக்கவில்லை. மூக்குக்கு அருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். "ஏட்டி, பாளை வாசமே இல்லையே. சுண்ணாம்புத் தண்ணியில சாக்ரினப் போட்டுக் கலக்கி வச்சிருக்கான்" என்றாள். கடையில் நின்ற பையனிடம், "தம்பி, இது எந்த ஊரு பனையில எறக்குனது?" என்று கேட்டாள். அவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. "தெரியலைங்க பாட்டி, கேன்ல வருது" என்றான். அவன்மேல் குற்றமில்லை. அவனுக்குச் சொல்லித்தர யாருமில்லை.

என் மகள் டம்ளரைக் காலி செய்துவிட்டு, "நல்லா இனிப்பா இருக்கு" என்றாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது அப்போதுதான். அவள் நாக்கில் "பதனீர்" என்ற சொல்லுக்கு இனி இந்த ருசிதான். அன்று அந்த மைதானத்துக்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர் வாழ்க்கையின் முதல் பதனீராக இதைக் குடித்திருப்பார்கள்? பனையை இன்றைய பிள்ளைகளிடம் கொண்டுசேர்ப்பதே நோக்கம் என்று மேடையில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது.

நுங்கு சர்பத்துக் கடையிலும் அதே கதைதான். நுங்கு கோடையின் காய். கடைக்காரர் டம்ளரில் போட்டுக்கொண்டிருந்தது கடல்பாசி ஜெல்லித் துண்டுகள்.

உடையாத கருப்பட்டி

கருப்பட்டிக் கடையில் அம்மா அதிக நேரம் நின்றாள். நீட்டான அட்டைப் பெட்டிகள், தங்க நிற எழுத்து, பெட்டிமேல் ஒரு பனையேறியின் ஓவியம். கிலோ 380 ரூபாய். பார்க்க வைத்திருந்த ஒரு வட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். பெருவிரலால் விளிம்பை அழுத்தினாள். பிறகு தரையில் தட்டினாள். "டொக்" என்று கல் மாதிரி சத்தம்.

நல்ல கருப்பட்டி மழைக்காலத்தில் ஈரத்தை இழுத்துக் கசியும், மேல்புறம் பிசுபிசுக்கும். அதனால்தான் எங்கள் பக்கம் ஆடி, ஆவணியோடு காய்ச்சி முடித்த கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் அடுக்கி, அடுப்புப் புகை படுகிற பரணில் ஏற்றிவைப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டி வந்த தை மாதக் கருப்பட்டி இப்படிக் கல்லாக, ஒன்றைப் போலவே மற்றொன்றாக இருக்காது. அம்மா ஒரு வழியாக உடைத்து வெட்டுவாயைக் காட்டினாள். வெளிச்சத்தில் சீனிப் பரல் மினுமினுத்தது. ஒரு துணுக்கை வாயில் போட்டுக்கொண்டாள். "நாக்குல பட்ட உடனே திகட்டுது பாரு. கருப்பட்டின்னா மொதல்ல லேசா உப்பு தெரியணும், பொறவுதான் இனிப்பு வரணும்."

கணக்கு எளிது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏழெட்டு லிட்டர் பதனீர் வேண்டும். ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கிச் சேர்த்த பதனீர். அதை மூன்று நான்கு மணி நேரம் விறகில் காய்ச்ச வேண்டும். பொங்கி வழியப் பார்த்தால், இடித்த ஆமணக்குக் கொட்டையை ஒரு சிட்டிகை போட்டால் அடங்கும். பாகு கெட்டியாகிக் கூப்பனிப் பதம் வந்தபிறகு கை ஓயாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். அந்த நேரத்தில் பிள்ளை அழுதாலும் எழுந்து போக முடியாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டிப் பார்த்து, திரண்டால் இறக்கிச் சிரட்டையில் ஊற்றுவார்கள். இத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பண்டத்துக்கு விலை. சீனியோ கடையில் கிலோ நாற்பது ரூபாய்ச் சொச்சம். பதனீரைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு சீனியைக் காய்ச்சிக் கொட்டினால் பெட்டி நிறையும். கலப்படக்காரன் கருப்பட்டி விலைக்கே விற்கிறான். அசலைக் காய்ச்சுகிறவள் அவனோடு போட்டிபோட முடியாமல் அடுப்பை அணைக்கிறாள். அம்மா அடுப்பை அணைத்ததும் அப்படித்தான்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய முதல் இடம் இப்படிப்பட்ட ஒரு விழா. ஒரு கடையை உள்ளே விடும் முன், அதன் கருப்பட்டி வட்டு ஒன்றை உடைத்துப் பார்க்க, விடிலியில் உட்கார்ந்த ஒரு பெண்ணை அழைத்திருந்தால் போதும். செலவு ஒன்றும் இல்லை.

மேஜைக்குப் பின்னால் ஒரு மனிதர்

மேடைக்கு இடப்பக்கம் ஒரு மேஜை. "பனையேறும் கருவிகள்" என்று அட்டை. தளைநார், அரிவாள் பெட்டி, பாளை அரிவாள், கலயம், கடிப்பு எல்லாம் வெள்ளைத் துணியில் வரிசையாக இருந்தன. கடிப்புக்குக் கீழே "மரக் கத்தரி" என்று எழுதியிருந்தார்கள். அம்மா அதைக் கையில் எடுத்துவிட்டாள். "தொடக் கூடாது" என்று ஒரு தொண்டர் ஓடி வந்தார். மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், "விடுங்க தம்பி, அக்காவுக்குத் தெரியும்" என்றார்.

அவர்தான் பனையேறி. நிகழ்ச்சி நிரலில் "நேரடிப் பனையேற்றம்" என்று போட்டிருந்தது அவரை நம்பி. ஐம்பத்தைந்து வயது இருக்கும். மார்பிலும் முழங்கையிலும் தடித்துப்போன தோல். அப்பாவுக்கும் அதே இடங்களில் இருந்தது. மைதானத்தில் பனை இல்லை. பக்கத்தில் ஒரு தென்னை இருக்கிறது, அதில் ஏறிக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். அவர் மறுத்துவிட்டார்.

"அண்ணாச்சி, இப்ப எத்தன பனை ஏறுறீங்க?" என்று கேட்டேன்.

"முன்ன நாப்பது ஏறுனேன். இப்ப இருவத்தஞ்சு. காலைல ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். எம் மவன் கோயம்புத்தூர்ல கம்பெனி வேலைக்குப் போறான். நான்தான் போகச் சொன்னேன்."

அவர் நிதானமாகப் பேசினார். வருஷத்தில் ஐந்தாறு மாதம்தான் வேலை. விழுந்தால் குடும்பத்தோடு விழுந்த மாதிரி. 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. பதனீர் இறக்கத் தடையில்லை. ஆனால் வெயில் ஏறி, சுண்ணாம்பு கொஞ்சம் முன்னே பின்னே ஆகி, கலயத்தில் லேசாக நுரை கட்டினால் அது பதனீரா கள்ளா என்ற விசாரணைக்கு நிற்க வேண்டியது அவர்தான். "பத்து நிமிசம் மேடையில பேச விடுறோம்னாங்க. இதையெல்லாம் சொல்லணும்னு மனசுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன். நேத்தும் கூப்பிடல, இன்னைக்கும் கூப்பிடல."

மேடையில் அந்த நேரம் பட்டிமன்றம் நடந்துகொண்டிருந்தது. பனைக்கு 801 பயன்கள் உண்டு என்று ஒருவர் அடுக்குமொழியில் முழங்கினார். "தால விலாசம்" என்ற பழைய நூல் சொல்லும் கணக்கு அது. அரங்கத்தில் கைதட்டல். எண்ணூற்று ஒன்றில் ஏழெட்டைத் தன் கையாலேயே செய்துகாட்டக் கூடியவர் இருபதடி தள்ளி சும்மா உட்கார்ந்திருந்தார்.

அம்மா கடிப்பை என் மகளிடம் கொடுத்து, தன் ஆள்காட்டி விரலைப் பாளையாக நீட்டி, இப்படி வைத்து இப்படி இடுக்க வேண்டும் என்று காட்டினாள். ஆண்பனைப் பாளைக்கு ஒரு கடிப்பு, பெண்பனைப் பாளைக்கு வேறு. வேகமாக நசுக்கினால் பாளை செத்துவிடும். நோகாமல் தினமும் இடுக்கினால்தான் சுரக்கும். பிள்ளை மெதுவாக ஆச்சியின் விரலை இடுக்கினாள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த இரண்டு மூன்று குடும்பங்கள் நின்றன. ஒரு பையன் "நானும் ஒரு தடவை" என்று கேட்டான். கால் மணி நேரம் அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம் இருந்தது. அண்ணாச்சி எழுந்து நின்று தளைநாரைக் காலில் மாட்டிக் காட்டினார். அன்றைக்கு நான் பார்த்த பனைத் திருவிழா அந்தக் கால் மணி நேரம்தான்.

கேட்டுக்கு வெளியே

திரும்பும்போது மைதானச் சுவரை ஒட்டி, சாக்கடைப் பலகைமேல், ஒரு அம்மா பனங்கிழங்குக் கட்டுகளை அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். உள்ளே கடை போடக் கூடாதா என்று கேட்டேன். இரண்டு நாளைக்கு ஐயாயிரம் ரூபாய் வாடகை சொன்னார்களாம். "கொண்டாந்த கெழங்கு மொத்தமும் வித்தாலே ரெண்டாயிரம் தேறாது தாயி."

எனக்குத் தாங்க முடியாத இடம் இதுதான். தை மாதத்தில் பனை தருவது கிழங்கு. ஆடி, ஆவணியில் விழுந்த பழங்களின் கொட்டைகளைப் பொறுக்கிப் பாத்தி கட்டிப் புதைத்து, கார்த்திகையில் முளைவிட்ட கொட்டை ஒன்றிரண்டை வெட்டி, உள்ளே இருக்கும் தவுணை எடுத்துத் தின்று, மீதியை விட்டுவைத்து, பொங்கலை ஒட்டித் தோண்டி எடுப்பது எங்கள் வழக்கம். பொங்கல்படியில் கரும்போடும் மஞ்சள்குலையோடும் கிழங்குக் கட்டு இல்லாமல் மகளுக்குச் சீர் போகாது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தில் இதே கிழங்கைக் காயவைத்து ஒடியலாக்கி, மாவாக்கி, மீனும் நண்டும் போட்டு ஒடியற்கூழ் காய்ச்சுகிறார்கள். அந்த மைதானத்தில் லாரி மண்ணைக் கொட்டி ஒரு பாத்தி போட்டு, பிள்ளைகளைத் தோண்ட விட்டிருக்கலாம். பத்துப் பானையில் மஞ்சளும் உப்பும் போட்டுக் கிழங்கு அவித்துக் கொடுத்திருக்கலாம். பருவத்தில் கிடைத்த ஒரே அசல் பண்டம் வாசலுக்கு வெளியே சாக்கடைமேல் இருந்தது. பருவத்தில் இல்லாத இரண்டு பண்டங்களின் போலிகள் உள்ளே பந்தலில் இருந்தன.

விழா எடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பனைமேல் அவர்களுக்கு ஆசை இருக்கிறது. இந்த ஆசையே பெரிய மாற்றம். எங்கள் ஊரில் செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் பனை போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்போது கேட்க ஆளில்லை. இன்று மாவட்ட ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்திருக்கிறது. ஊருக்கு ஊர் இளைஞர்கள் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றுகிறார்கள். ஊன்றிய கொட்டை பாளை விட பதினைந்து, இருபது வருஷம் ஆகும். அன்றைக்கு அதில் ஏற யார் இருப்பார்கள் என்ற கேள்விக்குத்தான் இந்தத் திருவிழாக்கள் பதில் தேட வேண்டும். மரத்தை மட்டும் காப்பாற்றி, ஏறுகிறவரையும் காய்ச்சுகிறவரையும் மேஜைக்குப் பின்னால் உட்காரவைத்தால் மிஞ்சப்போவது வாசலில் நின்ற அந்த ஃபைபர் மரம்தான்.

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவை நினைத்துக்கொள்கிறேன். வந்த விவசாயிக்கு இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல் கொடுப்பார்; அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவர் என்று அவரைச் சொல்கிறார்கள். 2018 டிசம்பரில் அவர் போய்விட்டார். அவர் கொடுத்த விதை வயலில் இருக்கிறது. அங்கே போனவர் கையில் ஒரு பொருளும் ஒரு கடனும் சேர்ந்து வீட்டுக்கு வந்தன. பனைத் திருவிழாவிலும் அது நடக்கலாம். இன்னாருடைய விடிலி, இந்த மாதம் முதல் இந்த மாதம் வரை காய்ச்சுவார், இந்த வருஷம் உனக்குப் பத்து கிலோ என்று பேசி முன்பணம் கொடுத்துவிட்டு வர ஒரு மேஜை போட்டிருந்தால், நான் அன்றே கொடுத்திருப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரும் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

கிழங்கு விற்றவரிடம் மூன்று கட்டு வாங்கினோம். பஸ் ஏறும் நேரத்தில் பனையேறி அண்ணாச்சி வேகமாக நடந்து வந்தார். காட்சிக்குக் கொண்டுவந்த குருத்தோலையில் ஒன்றைக் கிழித்து, மடித்து, நாரால் கட்டி, பதனீர் குடிக்கிற பட்டை ஒன்றை என் மகளிடம் கொடுத்தார். "பங்குனி பொறந்ததும் வா பாப்பா. விடியுமுன்னே வரணும். வெயில் ஏறிட்டா ருசி போயிரும்." ஊர்ப் பெயரையும் பனங்கூட்டத்துக்குப் பிரியும் பாதையையும் அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்குத் தெரிந்த ஊர்தான்.

அன்று ராத்திரி கிழங்கை அவித்தோம். அம்மா ஒவ்வொன்றாகத் தோலுரித்து, நடுவே பிளந்து, பீலியை உருவித் தனியே வைத்து, பிள்ளையிடம் கொடுத்தாள். பட்டை எங்கள் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. பச்சை போய் வெளுத்துவிட்டது; மடிப்பில் ஒரு கீறல் விழுந்திருக்கிறது. இதில் பதனீர் நிற்குமா என்று பிள்ளை கேட்டதற்கு, "நிக்காது. அங்க போனா புதுசா மடிச்சுத் தருவாவ" என்றாள் அம்மா. காலண்டரில் பங்குனி முதல் தேதியைப் பிள்ளை பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள்.